பழைய காரில் பெட்ரோல் வாடை: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லக் காரின் கதவைத் திறந்ததும் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கிறது. "பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பத்து நிமிடத்தில் வாடை போய்விட்டது போலவும் இருக்கிறது.

உண்மையில் வாடை போகவில்லை. மூக்கு அதற்குப் பழகிவிட்டது. காருக்கு 30 வயதானாலும், பழுதில்லாத காரின் உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கக்கூடாது. அடித்தால் பெட்ரோலோ அதன் ஆவியோ எங்கோ ஓரிடத்தில் வெளியேறுகிறது என்றே பொருள்.

மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. சிங்கப்பூரில் 10 ஆண்டைத் தாண்டிய கார் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். இங்கோ பெரும்பாலான கார்கள் கைமாறும்போதுதான் பரிசோதனை மையத்தைப் பார்க்கின்றன. அதனால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கன்சில் போன்ற பழைய கார்களில் கசிவை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் அதை ஓட்டுபவரே.

ஏன் அலட்சியம் கூடாது?

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடக்கூடியது. நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றில் ஏறக்குறைய 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும்.

இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். தாமான் வீடுகளில் கார் நிற்பது வாசலை ஒட்டித்தான். அங்கேயே மாலையில் விளக்கு ஏற்றுகிறோம், சாம்பிராணி போடுகிறோம், கொசுவத்தி கொளுத்துகிறோம். கசியும் காரை அந்த இடத்தில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே உணரலாம்.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. பெட்ரோலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் உண்டு. கண்ணாடியை மூடி ஏர்கோன் போட்ட காரில் தினமும் அந்த ஆவியைச் சுவாசிப்பது யாருக்கும் நல்லதல்ல. தலைவலி, குமட்டல், மயக்கம் வருவது போன்ற உணர்வு ஆகியவை இதன் முதல் அறிகுறிகள்.

முதலில் செய்ய வேண்டியவை

ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கடுமையான வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். புகையோ தீயோ தெரிந்தால் பானெட்டைத் திறக்காமல் 999-ஐ அழைப்பதே சரி. பானெட்டைத் திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். பெட்ரோல் தீயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது. எரியும் பெட்ரோல் தண்ணீரில் மிதந்து பரவும்.

வாடை லேசாக இருந்தாலும் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுவது கண்ணில் பட்டால் அந்தக் காரைப் பட்டறைவரை ஓட்டிச் செல்ல வேண்டாம். இழுவை வண்டியை அழைக்கலாம், அல்லது போர்மேனை வீட்டுக்கு வரச் சொல்லலாம்.

சொட்டு எதுவும் இல்லாமல் வாடை மட்டும் இருக்கிறதென்றால் நிதானமாகத் தேடலாம். வெளிச்சமான, காற்றோட்டமான இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். டார்ச் விளக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மூக்கு பழகிப்போகும் என்பதால், வீட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இன்னொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்வது நல்லது.

அதற்கும் முன்னால் பூட்டைத் திறந்து பாருங்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய பெட்ரோல் கலன் மூடி சரியாக இறுகாமல் பின்னால் கிடந்தால், காரில் ஒரு பழுதும் இல்லாமலேயே வாடை அடிக்கும்.

எப்போது வருகிறது என்பதே துப்பு

பெட்ரோல் காரின் பின்புறத் தொட்டியிலிருந்து குழாய் வழியாக முன்புற எஞ்சினுக்குப் போகிறது. ஏறக்குறைய காரின் முழு நீளத்துக்கும் ஓடும் இந்தப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் கசியலாம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் நேரமும் காசும்தான் வீண். வாடை எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடும்.

எண்ணெய் அடித்த பிறகு மட்டும் வந்தால்

தொட்டி நிரம்பியிருக்கும்போது வாடை வந்து, பாதி குறைந்ததும் நின்றுவிட்டால் பழுது தொட்டியின் மேல்பகுதியில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது மூடி. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூடியை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

அடுத்தது, மூடியிலிருந்து தொட்டிக்குப் போகும் கழுத்துக் குழாய். இரும்புக் குழாயாக இருந்தால் பின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றிலும் மழைநீரிலும் துருப்பிடிக்கும். அது தொட்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் இணைப்பும் வெடிக்கும். தொட்டி நிரம்பிய நிலையில் வளைவில் திரும்பும்போது வாடை தூக்கலாக இருந்தால் சந்தேகம் இங்குதான்.

மூன்றாவது, தொட்டியின் மேலே பம்பும் எண்ணெய் அளவு காட்டும் கருவியும் பொருத்தப்பட்டிருக்கும் இடம். பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் இதன் மூடி தெரியும். அங்குள்ள ரப்பர் வளையம் சுருங்கிவிட்டால் ஆவி நேராகப் பயணிகள் பகுதிக்கே வரும். பின் இருக்கையில் உட்காரும் பிள்ளைகள் வாடை அடிப்பதாகச் சொல்லியும் ஓட்டுநருக்குத் தெரியவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாமே இழுத்துக்கொள்ளும் வம்பு ஒன்றும் உண்டு. பம்பு 'டக்' என்று நின்ற பிறகும் கணக்கைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் அழுத்தி நிரப்புவது பலருக்குப் பழக்கம். தொட்டியில் உருவாகும் ஆவியைப் பிடித்து வைக்க, ஊசிமுறைக் கார்களில் பொதுவாகக் கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்று இருக்கும். அந்த ஆவி பிறகு எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். அளவுக்கு மேல் நிரப்பினால் ஆவி போக வேண்டிய வழியில் பெட்ரோலே புகுந்து கரித்தூள் நனைந்துவிடும். அதன் பிறகு டப்பா ஆவியைப் பிடிக்காது. வாடை வெளியே வரும். எண்ணெய் அடித்தவுடன் எஞ்சினைக் கிளப்பச் சிரமமாக இருப்பதும் இந்தப் பகுதியின் பழுதைக் காட்டலாம்.

காலையில் கிளப்பும்போது வந்தால்

இரவு முழுவதும் நின்ற காரைக் கிளப்பியதும் பானெட் பக்கமிருந்து வாடை வந்து, சற்று நேரத்தில் குறைந்தால் முன்புறக் குழாய்களையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த ரப்பர் கல்லைப்போல் இறுகிவிடும். குளிர்ந்த நேரத்தில் அது சுருங்கி, இணைப்பில் நூலளவு இடைவெளி விடும். சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு இருக்காது. குழாயின் மேல் தூசி படியாமல் கழுவிவிட்டது போன்ற கோடு, ஈரம், பழுப்புக் கறை ஆகியவைதான் தடயம். குழாயை மெதுவாக வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும்.

ஊசிமுறைக் காராக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. சாவியை முழுக்கத் திருப்பாமல் 'ஆன்' நிலையில் வைத்தால் பல கார்களில் மின்பம்பு ஓரிரு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் எஞ்சின் ஓடாமலேயே கசிவு தெரியவரலாம். கசிவு தெரிந்தால் உடனே சாவியை அணைத்துவிட வேண்டும்.

ஓடும்போது வந்தால்

ஏர்கோன் காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலைக்கும் உள்காற்றையே சுழற்றும் நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்று நுழையும் வாய் முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டி இருக்கிறது. வெளிக்காற்றில் வாடை வந்து, உள்சுழற்சியில் நின்றால் கசிவு எஞ்சின் பக்கம். இரண்டிலும் வந்தால் பின்பக்கம் அல்லது காரின் அடிப்பகுதி. இது சோதனைக்கு மட்டுமே. உள்சுழற்சியில் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தால் பழுது அப்படியேதான் இருக்கும்.

புகைக்குழாயிலிருந்து பச்சைப் பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வந்தால் அது கசிவாக இல்லாமல், தேவைக்கு மேல் பெட்ரோல் போய் எரியாமல் வெளியேறுவதாக இருக்கலாம். ஊசிமுறைக் கார்களில் அழுத்தச் சீராக்கியின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் இப்படி ஆகும். சீராக்கியோடு இணைந்த சிறிய காற்றுக்குழாயைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்தது உறுதி.

கார்புரேட்டர் கார்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் அளவுக் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, எண்ணெயின் அளவும் கூடியிருந்தால் எஞ்சினோடு பொருத்திய இயந்திரப் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் கலந்திருக்கலாம். கலந்த எண்ணெய் வழுவழுப்பை இழந்து எஞ்சினைத் தேய்த்துவிடும். பம்பையும் எண்ணெயையும் மாற்றும்வரை அந்தக் காரைக் கிளப்பக்கூடாது.

கார்புரேட்டர் காரைச் சூடாக நிறுத்தியதும் பானெட் பக்கம் சிறிது நேரம் லேசான வாடை இருப்பது உண்டு. அதன் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோல் சூட்டில் ஆவியாவதால் அப்படி. ஆனால் அது காருக்குள் வந்தாலோ மறுநாள் காலைவரை நீடித்தாலோ, கிண்ணத்தின் மிதவையும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வும் சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

குழாய் மாற்றும்போது ஏமாறக்கூடாத இடம்

கார்புரேட்டர் காரின் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. ஊசிமுறைக் காரில் அது 3 பார் அளவுக்கு இருக்கும். பல மடங்கு அதிகம். முன்னதில் பெட்ரோல் கசியும், பின்னதில் பீய்ச்சியடிக்கும். வெளியே பார்க்க எல்லாக் கறுப்புக் குழாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்பது குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்பது ஊசிமுறைக்கு. ஊசிமுறைக் காரில் ஆர்7 குழாயைப் போடுவது ஆபத்து.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் கதவும் விளக்கும் வாங்கலாம். குழாய், வளையம், சவ்வு போன்ற ரப்பர் பொருள்களை அங்கே வாங்கக்கூடாது. அவையும் நம் கார் ரப்பரின் வயதுதான். துருப்பிடித்த தொட்டியை 'வெல்டிங்' வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். காலியான தொட்டியிலும் ஆவி மிச்சமிருக்கும். முறையாகச் சுத்தம் செய்யாத தொட்டி வெடிக்கும்.

இணைப்புகளை வீட்டில் கழற்ற வேண்டாம். எஞ்சினை நிறுத்திய பிறகும் ஊசிமுறைக் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதை இறக்கி, மின்கலத்தின் இணைப்பையும் எடுத்த பிறகே கழற்ற வேண்டும். அது பட்டறையின் வேலை.

பட்டறையில் என்ன சொல்வது?

"பெட்ரோல் வாடை அடிக்கிறது" என்று மட்டும் சொன்னால் தேடும் நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டிவரும். தொட்டி நிறைந்திருக்கும்போதா, குறைந்திருக்கும்போதா? குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? காரின் முன்பக்கமா, பின்பக்கமா? இந்த மூன்றுக்கும் பதிலோடு போனால் போர்மேன் நேராக உரிய இடத்துக்குப் போவார். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை.

பழுது பார்த்த பிறகு தொட்டியை நிரப்பி, கண்ணாடிகளை மூடி, கார் ஓர் இரவு நிற்கட்டும். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். கசிந்த பெட்ரோல் இருக்கையிலோ தரைவிரிப்பிலோ ஊறியிருந்தால் வாடை மறையச் சில நாள் ஆகும். ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாவிட்டால் இன்னொரு கசிவு மிச்சமிருக்கிறது. பழைய காரில் ஒரு ரப்பர் வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் பின்னாலேயே வரும். ஒன்றை மாற்றும்போதே மற்றக் குழாய்களையும் பார்க்கச் சொல்லிவிடுவது சிக்கனம், குடும்பத்துக்கும் பாதுகாப்பு.