எந்தக் காலத்திற்கு மீட்பது? தமிழ்த் தட்டச்சுப் பொறியைச் செப்பனிடுதலும் எழுத்து வரலாற்றுச் சான்றுகளும் – திண்டுக்கல்லை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கையால் இயங்கும் பழைய தட்டச்சுப் பொறிகளைச் செப்பனிடுவது அண்மைக்காலத்தில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. தமிழ்ப் பொறியைப் பொறுத்தவரை, செப்பனிடுபவர் ஓர் இயந்திரத்தை மட்டும் கையாளவில்லை. எழுத்துச் சீர்திருத்தம், ஆட்சிமொழி, தட்டச்சுத் தேர்வு ஆகியவை விட்டுச்சென்ற தடயங்களையும் கையாளுகிறார். அத்தடயங்கள் எவை, செப்பனிடும்போது எவை அழிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தட்டச்சுப் பொறி, எழுத்துச் சீர்திருத்தம், நகரா விசை, திண்டுக்கல், தட்டச்சுப் பயிலகம்.

முன்னுரை

இந்தியாவில் 1955ஆம் ஆண்டு தட்டச்சுப் பொறி உற்பத்தியைத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் அதை நிறுத்தியது. 2011இல் இச்செய்தி ‘உலகின் கடைசித் தட்டச்சுப் பொறி ஆலை மூடப்பட்டது’ என்று பல நாடுகளில் பரவியது. அது முழு உண்மையன்று. வேறு சில இடங்களில் உற்பத்தி தொடர்ந்தது. எனினும் தமிழ் எழுத்துப் பொறிகளைப் பொறுத்தவரை அச்செய்தி பொருத்தமானதே. இனிப் புதிய பொறி வரப்போவதில்லை. இருப்பவை பயிலகங்களிலும் அலுவலகக் கிடங்குகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் உள்ளன. இரும்புக் கடையில் அவற்றின் மதிப்பு எடையைப் பொறுத்தது. அங்கிருந்து அவற்றை மீட்பவர் பெரும்பாலும் ஆர்வலரே. ஆவணக் காப்பகங்கள் தட்டச்சிட்ட தாளைக் காத்தன. அதை அச்சிட்ட பொறியைக் காக்கவில்லை. ஆகவே ஆர்வலரின் மேசையில் என்ன நடக்கிறது என்பது வரலாற்று மாணவர்களுக்கும் உரிய கேள்வியாகிறது.

விசைகளுக்குள் தமிழ்

வழக்கமான தட்டச்சுப் பொறியில் 44 முதல் 46 வரை எழுத்து விசைகள் உண்டு. விசைக்கு இரண்டு வடிவங்கள் என்றால் ஏறத்தாழ 90 வடிவங்களுக்கு இடம் கிடைக்கும். தமிழ் எழுத்துகளோ 247. கிரந்த எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இதற்கு அப்பால். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து 1907இல் மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா இந்நெருக்கடிக்குத் தீர்வு கண்டார். அவர் வகுத்த விசைப்பலகையைக் கொண்டு ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் நிறுவனம் பொறிகளை உருவாக்கியது.

அத்தீர்வின் உயிர்நாடி நகரா விசை. விசையை அழுத்தியதும் அச்சுக்கம்பி எழுந்து தாளில் மோதும்; மோதும் தறுவாயில் ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளும்; உடனே தாளேந்தி ஓரெழுத்து நகரும். புள்ளி, இகர ஈகரக் குறிகள் ஆகியவற்றின் கம்பிகள் அச்சட்டத்தைத் தொடாதவாறு அமைக்கப்பட்டன. எனவே புள்ளி விழும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் மெய் அதே இடத்தில் விழும். கையால் எழுதுபவர் மெய்யை எழுதிய பின் வைக்கும் புள்ளியைத் தட்டச்சர் முதலில் வைத்துவிடுகிறார். ‘அம்மா’ என்பது அவர் விரலில் அ, புள்ளி, ம, ம, கால் என்னும் வரிசையில் பிறக்கிறது. குறி எல்லா எழுத்திலும் ஒரேவிதமாகப் பொருந்தாது என்பதால் ‘டி’, ‘டீ’ ஆகியவற்றுக்குத் தனி இடம் தரப்பட்டது. உகர வரிசை மெய்யின் மேல்நிலையில் அமர்ந்தது: க விசையில் கு, த விசையில் து, ம விசையில் மு.

ஆங்கிலப் பொறியில் மட்டும் பழகிய ஆர்வலருக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. அழுத்தினால் நகராத விசையை அவர் பழுது என்று கருதக்கூடும். கம்பியை வளைத்து அதை நகரச் செய்துவிட்டால், புள்ளி ஓரிடத்திலும் மெய் அடுத்த இடத்திலும் விழும். பொறி ‘சரியாகி’விடும், தமிழ் போய்விடும்.

இரண்டு ஆண்டுகள்: 1956, 1978

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலக மொழியாக்கியது. கோப்பு தமிழில் நகர வேண்டுமெனில் தமிழ்ப் பொறியும் தமிழ்த் தட்டச்சரும் வேண்டும். சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் சட்டமன்ற உரைகளை விரிவாகக் காட்டுவர். அலுவலக மேசையில் இருந்த பொறியைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுவர். இது மாற வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

1978 அக்டோபரில் வெளியான அரசாணை, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துகள் பழைய கூட்டு வடிவத்தை விட்டுப் பொதுக் குறிகளை ஏற்றன. பழைய வடிவத்தைப் பொறியில் காட்டத் தனி அச்சுமுனையோ தனிக் குறியோ வேண்டும். புதிய வடிவத்துக்கு ஏற்கெனவே உள்ள காலும் ‘ை’ குறியுமே போதும். ஆகவே 1978க்கு முந்திய பொறி ஒன்றில் அச்சுமுனை மாற்றப்பட்டிருந்தால், அரசாணை ஒன்று ஈயப்பற்றாக இறங்கியதைக் கண்ணால் காணலாம். அப்பொறியை ‘முதல் நிலைக்கு’ மீட்பதாகச் சொல்லி அம்முனையைக் களைந்தால் அழிவது அந்தச் சான்றே.

திண்டுக்கல் பொறிகள்

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டம் என்றால் புதிய ஆட்சியரகம், அதனைச் சூழ்ந்த துறை அலுவலகங்கள், அவற்றுக்கான எழுத்தர்கள், தட்டச்சர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில், மக்கள் வழக்கில் ‘லோயர்’, ‘ஹையர்’ எனப்படும் நிலைகளில் தேறுவது அரசுப் பணிக்கு ஒரு படியாக இருந்தது. தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தட்டச்சர் பணியிடங்களுக்கு இன்றும் அத்தகுதி வேண்டும். சமவெளிக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து ஒரு மணிநேரம் தட்டச்சுப் பழகித் திரும்பிய பெண்களின் சமூக வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. இங்கு வேண்டுவது இவ்வளவே: பயிலகப் பொறி ஒரு நாளில் பல கைகளைக் கண்டது, தேர்வுக் காலத்தில் வண்டியேறித் தேர்வு மையத்துக்கும் போய் வந்தது. அலுவலகப் பொறியைவிட அது மிகுதியாகப் பழுதுபட்டது; மிகுதியாகச் செப்பனிடவும் பட்டது.

பயிலகப் பொறியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. தமிழ் விசைப்பலகையில் இடக்கை விரல்கள் தங்கும் நடுவரிசை ய, ள, ன, க என்பது. தொடக்கப் பாடம் இவ்வரிசையைத் திரும்பத் திரும்ப அடிப்பதே. இயல்பான உரைநடையில் ளகரத்தைவிட ரகரம் மிகுதி. ஆகவே ள விசை ர விசையைவிடத் தேய்ந்திருந்தால் அப்பொறி கடிதம் எழுதியதைவிடப் பாடம் நடத்தியதே அதிகம் எனலாம். திண்டுக்கல்லில் பழைய இரும்புக் கடையொன்றில் எடைக்கு வாங்கி இக்கட்டுரையாளர் செப்பனிட்டுவரும் பொறியில் ள, க இரண்டும் ஒரே அளவு குழிந்துள்ளன. ர ஏறக்குறையப் புதிதாக இருக்கிறது. விசைமுகங்களைப் புதிதாக மாற்றும் ஆர்வலர் பலர் உள்ளனர். அழகுக்கு அது உதவும். ஆனால் மேற்சொன்ன முடிவுக்கு வர வேறு வழியிருக்காது.

அதே பொறியில் ‘ை’ குறியின் அச்சுமுனை மட்டும் மீண்டும் பற்றவைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் அரம் பட்ட கீறல்கள். 1978இன் தடயம் என்று சொல்லத் தூண்டும் இடம் இது. எழுத்துமுகம் அதற்கு இடந்தரவில்லை. தடிமனும் வளைவும் அண்டை முனைகளோடு ஒத்துள்ளன. அடிக்கடி அடித்ததில் கழன்ற பழைய முனையையே எவரோ திரும்ப ஒட்டியிருக்கிறார். ஈயப்பற்றை மட்டும் பார்த்து முடிவு கூறலாகாது. முகத்தையும் ஒப்பிட வேண்டும்.

அந்த ‘எவரோ’ பற்றியும் சிந்திக்கலாம். திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டுக்குள் நெம்புகோலையும் வில்லையும் அரத்தால் பொருத்தும் கைகளுக்குத் தட்டச்சுப் பொறியின் உட்பகுதி அந்நியமானதன்று. உள்ளூரில் அராவிச் செய்த திருகோ கொக்கியோ பொறியில் இருந்தால், அதை எறிந்துவிட்டு வெளிநாட்டுப் பொறியிலிருந்து கழற்றிய ‘அசல்’ உறுப்பை இடுவதை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை. அந்த உறுப்பும் இவ்வூரின் ஆவணமே.

செப்பனிடும் முறை

இதனால் பொறியைத் தொடவே கூடாது என்பதன்று. துருவும் தூசியும் சான்றல்ல. அச்சுக்கம்பிகள் அமரும் பள்ளங்களில் பழைய எண்ணெயும் சமவெளியின் புழுதியும் சேர்ந்து பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு அதைக் கரைக்கலாம். அங்கு மீண்டும் எண்ணெய் விடுதல் ஆகாது. புதிய புழுதிக்கு அது அழைப்பு. உருளையின் ரப்பர் இறுகியிருந்தால் எழுத்து தாளைத் துளைக்கும், அச்சுமுனையும் சிதையும். எனவே ரப்பரை மாற்றுவது பொறியைக் காப்பதே. அரை அங்குல ரிப்பன் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. வெளிப்பூச்சு வேறு செய்தி. பயிலகம் தீட்டிய எண், அலுவலக இருப்புக் குறி, தேர்வுக்கு எடுத்துச்செல்ல ஒட்டிய சீட்டு ஆகியவை அங்குதான் இருக்கும். மறுபூச்சு அவற்றை ஒருசேர மறைத்துவிடும்.

எதைச் செய்வதற்கும் முன் ஒரு புதிய ரிப்பனிட்டு, எல்லா விசைகளையும் இரு நிலைகளிலும், நகரா விசைகளை மெய்களோடு சேர்த்தும், ஒரு தாளில் அடித்து, தேதியும் பொறியின் தொடர் எண்ணும் குறித்துவைக்க வேண்டும். செப்பனிட்ட பின் மற்றொரு தாள். இக்கட்டுரையாளரின் பொறியில் இரண்டாம் தாளின் புள்ளிகள் மெய்யின் தலைக்கு நேரே விழுகின்றன. முதல் தாளில் அவை சற்று வலப்புறம் சாய்ந்துள்ளன. அதே சாய்வோடு ஒரு மனுவோ பயிற்சித் தாளோ நாளை ஒரு கோப்பில் கிடைத்தால், அது இப்பொறியில் பிறந்ததா என்று பார்க்க முதல் தாள் ஒன்றே உதவும்.