களி விழுங்கும் ஊரில் மெல்லும் திறனை அளப்பது

மைசூரு, மண்டியா வட்டாரத்தில் ராகி முத்தெ என்னும் கேழ்வரகுக் களியை மெல்லும் வழக்கமில்லை. விரலால் கிள்ளி உருட்டி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்கிவிடுவார்கள். பல் செட் பொருத்திக்கொண்ட முதியவரிடம் "சாப்பிட முடிகிறதா?" என்று மருத்துவர் கேட்டால், "நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்பார். அது உண்மைதான், ஆனால் அவர் மெல்லுகிறாரா என்பது அந்த விடையிலிருந்து தெரியாது. உலகெங்கும் புழங்கும் வாய்நல வினாப்படிவங்களுள் ஒன்று 1990-இல் அமெரிக்காவில் உருவானது. மெல்லுவதில் உள்ள சிரமத்தைக் கேட்கும் இடத்தில் அது எடுத்துக்காட்டாகத் தருபவை ஆப்பிளும் கெட்டியான இறைச்சியும். இறைச்சியே தொடாத குடும்பத்தவர் இதற்கு எதை நினைத்து விடை சொல்வார்? இத்தகைய ஊரில் நோயாளி நேரில் மென்று காட்டும் சோதனை இன்றியமையாதது. சோதனை உணவும் அவருக்குப் பழகியதாக இருக்க வேண்டும்.

நேரடிச் சோதனைகளுள் பழமையானது சல்லடை முறை. 1950-இல் மேன்லியும் பிரேலியும் இதை நிலக்கடலையைக் கொண்டு வகுத்தார்கள். நோயாளி குறித்த அளவு கடலையைக் குறித்த தடவை மெல்லுவார். விழுங்காமல் கிண்ணத்தில் துப்பி, வாயைக் கொப்பளித்து அந்த நீரையும் அதிலேயே சேர்ப்பார். துகள்களைச் சல்லடையில் கழுவி, கீழே இறங்கியது எவ்வளவு, மேலே தங்கியது எவ்வளவு என்று அளப்பார்கள். கடலையோடு கேரட்டையும் பயன்படுத்திய கபூர், சோமன் ஆகியோர், முழுப் பல் செட் அணிந்தவரின் மெல்லும் திறன் இயற்கைப் பல் உள்ளவருடையதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 1964-இல் காட்டினர். இவ்வளவு பெரிய இழப்பைக் களி உண்ணும் தட்டு மறைத்துவிடும்.

கடலைக்குக் கடலை கடினம் மாறுமே என்பது நியாயமான மறுப்பு. அதற்காகவே பல் அச்செடுக்கும் சிலிக்கோனை ஒரே அளவுக் கட்டிகளாக வெட்டிக் கொடுக்கும் முறை வந்தது. சீர்மை கிடைத்தது, ஆனால் அது உணவன்று, பல் செட் அணிந்த பலரால் அதை உடைக்கவும் இயலவில்லை. இருநிறச் சூயிங்கத்தை மெல்லச் செய்து, நிறங்கள் கலந்த அளவைப் படமெடுத்துக் கணிப்பது எளிது. திறன் மிகக் குன்றியவர்களிடையே வேறுபாட்டைக் காண அது உதவும். எனினும் அது காட்டுவது பிசைந்து கலக்கும் திறனை. கடலையை நொறுக்கும் திறன் வேறு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாக எழுதுவது பிழை.

நோயாளிக்கே குறையில்லை என்றால் அளப்பது எதற்கு என்ற கேள்விதான் வலுவானது. அவருடைய மனநிறைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வினாப்படிவம் அதற்காகவே வேண்டும். ஆனால் பல் போனவர் முறுக்கையும் பச்சைக் காய்களையும் கடலையையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மிஞ்சியதற்குப் பழகிக்கொள்கிறார். குறை சொல்லாமலிருப்பது இந்தப் பழக்கத்தாலும் இருக்கலாம். விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு மட்டும் கடலை ஆகாது. துகள் மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்து உண்டு.

சீரான, உள்ளூர் நாவுக்குப் பழகிய சோதனை உணவு ஒன்றை உருவாக்க மைசூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், விழுங்குதல் கோளாறுகளைக் கவனிக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரியும் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. மூன்று துறையினரும் சேர்ந்து இப்பணியை மேற்கொள்ள வேண்டும். அதுவரை, "சாப்பிட முடிகிறதா?" என்று கேட்கும் மருத்துவர்கள் "எதைச் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள்?" என்றும் சேர்த்துக் கேட்கட்டும்.