மரவள்ளியைக் காத்த வரலாறு: மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும்

மரவள்ளிக்கிழங்கு இம்மண்ணில் வாழும் நமக்கு வெறும் உணவன்று. அது ஒரு நினைவும் ஆகும். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசி அரிதானபோது, வீட்டுக் கொல்லையிலும் தோட்டப்புற நிலத்திலும் நட்ட மரவள்ளியே எண்ணற்ற குடும்பங்களின் பசியை ஆற்றியது. ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும். வளங்குன்றிய நிலத்திலும் அது வேரூன்றிக் கிழங்கு வைக்கும். வேறு எதுவும் விளையாத இடத்திலும் விளைவது என்பதே அதன் பெருமை. அத்தகைய பயிரும் பொய்த்துப் போனால் மக்கள் எதை உண்பர்? 1970களில் ஆப்பிரிக்கக் கண்டம் எதிர்கொண்ட வினா இதுவே. அவ்வினாவுக்கு விடை காணப்பட்ட வரலாற்றையே இவ்வுரையில் நாம் காணவிருக்கிறோம்.

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனைக் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். காலப்போக்கில் அது அங்கே ஏறத்தாழ 20 கோடி மக்களின் அடிப்படை உணவாயிற்று. கிழங்கு மாவாகவும் களியாகவும் உண்ணப்பட்டது. காங்கோ போன்ற நாடுகளில் அதன் இளந்தழை கீரையாகவும் சமைக்கப்பட்டது. பயிர் இடம் பெயர்ந்தபோது அதன் இயற்கைப் பகைகளுட் பல தாயகத்திலேயே தங்கிவிட்டன. ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆப்பிரிக்க உழவர் அப்பகைகளை அறியாமலேயே மரவள்ளி பயிரிட்டு வந்தனர்.

அந்த அமைதி இரண்டே ஆண்டுகளில் குலைந்தது. 1971இல் உகாண்டா நாட்டில், மரவள்ளியின் பச்சைச் சிலந்திப்பேன் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1973இல், காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே அமைந்த கின்ஷாசா, பிராசவில் ஆகிய நகரங்களின் சுற்றுப்புறத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தோன்றியது. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. பயிர் சென்ற பாதையிலேயே, நான்கு நூற்றாண்டுகள் தாழ்ந்து, பகையும் வந்து சேர்ந்தது. ஆனால் அப்பகையை உண்டு வாழும் உயிர்கள் உடன் வரவில்லை. வேற்று நிலத்துப் பூச்சி ஒன்று புகுந்த இடத்தில் பெருங்கேடு விளைவிப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவேயாகும்.

இவ்விரண்டின் இயல்பையும் நாம் தனித்தனியே அறிதல் வேண்டும். சிலந்திப்பேன் என்பது பெயரளவிலேயே பேன். அதற்கு எட்டுக் கால்கள் உண்டு. ஆகவே அது பூச்சியினத்தைச் சேராது, சிலந்தியின் உறவினத்தைச் சேரும். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய அவ்வுயிர் இலையின் அணுக்களைத் துளைத்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. இலையில் முதலில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பின்னர் இளந்தழை சிறுத்து, மஞ்சளாகி உதிரும். கோடையில் அது மிகப் பெருகும். காற்றிலும் நடுகுச்சியிலும் ஏறிப் பரவும். மாவுப்பூச்சியோ உண்மையான பூச்சி. வெண்மாவு பூசியது போன்ற உடலுடைய அது தண்டின் நுனியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். அதனால் கணுக்களின் இடைவெளி குறுகி, நுனி கொத்தாகத் திரண்டு, செடி வளர்ச்சி குன்றும். இவ்வினத்தில் பெண் பூச்சிகளே உள்ளன. ஆணின்றியே அவை இனம் பெருக்குகின்றன. ஒரு பூச்சி வந்து சேர்ந்தாலே ஒரு வயலை நிரப்ப அது போதும். தாக்குதல் கடுமையான இடங்களில் கிழங்கு விளைச்சலில் 80 விழுக்காடு வரை இழப்பு நேர்ந்தது.

மருந்து தெளித்து அழித்துவிடலாமே என நாம் எண்ணக்கூடும். அதற்குத் தடைகள் மூன்று இருந்தன. சிறு நிலம் உடைய உழவரால் மருந்து வாங்க இயலவில்லை. தழையைக் கீரையாக உண்ணும் மக்களுக்கு நஞ்சு தெளித்த செடி ஏற்றதன்று. மூன்றாவது தடையை வரலாறு முன்னரே உணர்த்தியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலை நாட்டு ஆப்பிள் தோப்புகளில் டிடிடி பெருமளவில் தெளிக்கப்பட்டபோது, அதுவரை சிறு தொல்லையாக இருந்த சிலந்திப்பேன் பெருங்கேடாக மாறியது. அம்மருந்து சிலந்திப்பேனைக் கொல்லவில்லை. அதனை உண்டு வந்த உயிர்களையே கொன்றது. நண்பரை அழித்துப் பகைவரை வளர்த்த அப்பட்டறிவு, வேறு வழியைத் தேடுமாறு ஆய்வாளரைத் தூண்டியது.

அவ்வழியே உயிரியல் கட்டுப்பாடு. பகை எந்நாட்டிலிருந்து வந்ததோ அந்நாட்டிற்கே சென்று, அங்கே அதனை அடக்கி வைத்திருக்கும் உயிரைக் கண்டுபிடித்துக் கொணர்வதே அதன் நெறி. நைஜீரியாவின் இபாடான் நகரில் அமைந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1979இல் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றார்.

தேடல் எளிதாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவில் பரவிய மாவுப்பூச்சி அதுவரை அறிவியலுக்கே புதியது. பிரெஞ்சு அறிஞர் டானியேல் மாத்தில் ஃபெரெரோ 1977இல்தான் அதனை விவரித்து, பினாகாக்கஸ் மனிஹோட்டி எனப் பெயரிட்டார். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் வாழும் ஒரு மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது, இதுவே அது என ஆய்வாளர் கருதினர். அதன்மேல் வாழ்ந்த ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் விட்டனர். அவை இனம் பெருக்கவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. வடபகுதிப் பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு; ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டுமே உண்டு. தோற்றத்தில் இரட்டையர் போன்ற அவை உண்மையில் வெவ்வேறு இனங்கள். 1981இல் வடபகுதிப் பூச்சிக்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் பிழைத்ததால் தேடிய இடமும் பிழைத்தது. பிழை நீளும் ஒவ்வொரு பருவத்திலும் மற்றும் சில மாவட்டங்களின் வயல்கள் வெறுமையாயின என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1981ஆம் ஆண்டில், கொலம்பியாவில் பணியாற்றிய அந்தோனி பெல்லோட்டி என்னும் பூச்சியியலார், மேலும் தெற்கே பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டார். அங்கே அது அரிதாகவே காணப்பட்டது. அந்த அருமையே நற்செய்தியாயிற்று. ஏதோ ஒன்று அதனை அடக்கி வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதனை அடக்கியவற்றுள் ஒன்று அனகைரஸ் லோபேசி என்னும் மிகச் சிறிய குளவி. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே உண்டு, குளவியாகி வெளியேறும்.

குளவியை நேரே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு செல்லவில்லை என்பது மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது. ஒரு பகையைத் தீர்க்க மற்றொரு பகையை அழைத்து வந்துவிடக் கூடாதன்றோ? முதலில் பிரிட்டனில் தனிமைப்படுத்தி ஆராய்ந்தனர். அதன் பின்னரே 1981 நவம்பரில் இபாடானில் குளவி விடப்பட்டது. அது தானாகவும் பரவியது, விமானத்திலிருந்தும் பரப்பப்பட்டது. 1990களின் தொடக்கத்திற்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் நிலைபெற்று, பெரும்பாலான வயல்களில் மாவுப்பூச்சியை அடக்கியது. வளமற்ற மணல் நிலங்களில் மட்டும் அதன் பயன் குறைந்தே இருந்தது. இத்திட்டத்திற்குச் செலவிட்ட ஒவ்வொரு பங்குக்கும் 149 பங்கு நன்மை விளைந்ததென 1988இல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வு கணித்தது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

சிலந்திப்பேனை வெல்லுதல் இதனினும் கடினமாயிற்று. அதனை உண்ணும் வேறு வகைப் பேன்கள் தென்னமெரிக்காவில் உண்டு. அவற்றை இரைவிழுங்கிகள் என்கிறோம். 1980களில் கொலம்பியாவிலிருந்து ஏழு இனங்களைச் சேர்ந்த 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட இரைவிழுங்கிகளை ஆப்பிரிக்க வயல்களில் விட்டனர். ஓர் இனமும் நிலைக்கவில்லை. பகையை உண்ணும் ஆற்றல் மட்டும் போதாது, புதிய நிலத்தின் வறட்சியையும் இரையற்ற காலத்தையும் தாங்கும் ஆற்றலும் வேண்டும் என்பதை இத்தோல்வி கற்பித்தது. ஆகவே ஆப்பிரிக்க மரவள்ளி நிலங்களை ஒத்த தட்பவெப்பமுடைய வடகிழக்குப் பிரேசிலுக்கு ஆய்வாளர் திரும்பினர்.

அங்கிருந்து வந்தவற்றுள் டைஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்னும் இனம் 1993இல் பெனின் நாட்டில் விடப்பட்டது. பகலில் அது மரவள்ளியின் குருத்து மடிப்புக்குள் ஒதுங்கியிருக்கும். இரவில் வெளிவந்து இளந்தழையில் உள்ள சிலந்திப்பேனை உண்ணும். இரை இல்லாத நாளில் மகரந்தத்தை உண்டும் உயிர் வாழும். அது நிலைத்த பெனின் வயல்களில் கிழங்கு விளைச்சல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. குருத்தில் மெல்லிய முடியடர்ந்த மரவள்ளி வகைகளில் அது நன்கு தங்குவதையும் ஆய்வாளர் கண்டனர். காவலனுக்கு ஏற்ற வீடு அமைந்த பயிரே நன்கு காக்கப்படுகிறது.

இவ்வரலாறு ஆப்பிரிக்காவோடு முடியவில்லை. 2008இல் அதே மாவுப்பூச்சி நம் அண்டை நாடாகிய தாய்லாந்தில் தோன்றியது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, தமிழகத்தில் மரவள்ளிக்குப் பெயர்பெற்ற சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவியது. இம்முறை தேடல் தேவைப்படவில்லை. பெயர் தெரிந்திருந்தது, தாயகம் தெரிந்திருந்தது, காவலனும் தெரிந்திருந்தது. பெனினிலிருந்து தாய்லாந்துக்குக் குளவி வந்தது. இந்தியாவுக்கும் அங்கிருந்தே வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடப்பட்டது. முன்னோர் பிழைபட்டுத் திருந்திக் கற்ற அறிவு பின்னோரின் காலத்தை இவ்வாறு மிச்சப்படுத்தியது.

மொழிக்காக உழைக்கும் நாம் இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. பேச்சு வழக்கில் நாம் இலையைக் கெடுக்கும் எல்லாவற்றையும் பூச்சி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் சிலந்திப்பேனைப் பூச்சியென்று எண்ணிப் பூச்சிமருந்து தெளிக்கும் உழவர், பெரும்பாலும் தம் காவலரையே கொன்று பகையைப் பெருக்குகிறார். மாவுப்பூச்சி, சிலந்திப்பேன், ஒட்டுண்ணி, இரைவிழுங்கி என்னும் சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை வேறுபாடு அறிந்து ஆளக் கற்பிப்பது அறிவியல் ஆசிரியரின் கடமை மட்டுமன்று. தமிழாசிரியரின் கடமையும் ஆகும். ஒத்த தோற்றமுடைய இரண்டு பூச்சிகளை வேறென அறிந்து வெவ்வேறு பெயரிட்ட பின்னரே, ஒரு கண்டத்து மக்களின் உணவைக் காக்கும் வழி திறந்தது. பள்ளித் தோட்டத்தில் ஒரு மரவள்ளி இலையைத் திருப்பிப் பார்க்கும் மாணவர், தாம் காண்பதற்கு எத்தனை கால்கள் என எண்ணிப் பார்த்த பின்னர் அதற்குப் பெயர் சொல்வாராயின், இவ்வுரை தன் பயனை எய்தியதாக நாம் கொள்வோம்.