லெவோடோபா நடந்து வந்த வழி

1913-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில், ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஃபாபா அவரையிலிருந்து ஒரு வெள்ளைத் தூளைப் பிரித்தெடுத்தார். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சரியென்று தானே 2.5 கிராம் விழுங்கினார். குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வந்ததுதான் மிச்சம். உடம்பில் குறிப்பாக எந்த வேலையும் செய்யாத சரக்கு என்று முடிவுகட்டிவிட்டார்.

அந்தத் தூள்தான் லெவோடோபா. இன்றைக்குப் பார்க்கின்சன் நோயாளிகள் வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரையின் உயிர். கையில் மருந்து கிடைத்தபிறகு அது எதற்கு மருந்து என்று தெரிவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இடையில் அது நம்மூர்ப் பக்கமும் வந்து போனது. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்து, பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் எழுதினார்கள். பூனைக்காலியைத் தெரிந்தவர்களுக்கு அதன் காயிலுள்ள சுணையையும் தெரிந்திருக்கும், பட்டால் அரிப்பு உயிரை வாங்கிவிடும். நடுக்குவாதத்துக்கு நாட்டு வைத்தியத்தில் சொல்லப்படும் விதை அது. ஆனாலும் விதைக்குள் இருக்கும் பொருளையும் நடுங்கும் கையையும் அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மூளைக்குள் என்ன குறைகிறது என்பதே தெரியாதபோது எப்படிச் சேர்ப்பது?

அதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு இந்தியச் செடி வேண்டியிருந்தது: சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து எடுத்த ரெசர்பினை 1950-களில் உலகமெங்கும் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கைகால் இறுகி, நடை தளர்ந்து, அசல் பார்க்கின்சன் போலவே ஆனது. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு லெவோடோபா அடங்கிய டோபாவை ஊசியில் ஏற்றினார். கால் மணி நேரம்போல ஆனதும் எழுந்து ஓடத் தொடங்கின. டோபா மூளைக்குள் போய் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறுகிறது, அந்த டோபமைன் வற்றினால் அசைவும் வற்றுகிறது என்பது விளங்கியது. 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் கார்ல்சனுக்கும் பங்கு உண்டு.

அடுத்த ஊர் வியன்னா. அங்கே ஓலெ ஹொர்னிகேவிச், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தார். டோபமைன் இருந்தால் அயோடின் சேர்த்ததும் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். மற்றவர்களின் மூளைச் சாறு சிவந்தது. பார்க்கின்சன்காரர்களுடையதில் சிவப்பின் சாயல் அரிதாகவே தெரிந்தது. கருவியே வேண்டியிருக்கவில்லை, வெறுங்கண்ணுக்கே குறை தெரிந்தது. 1961 ஜூலையில் மருத்துவர் வால்டர் பிர்க்மையர் அதே நகரின் முதியோர் இல்லத்தில் நோயாளிகளுக்கு லெவோடோபாவை நரம்பில் ஏற்றினார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நின்றவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பினார்கள்.

அந்தச் சில மணி நேரத்தை நாள் முழுக்க இழுப்பது எப்படி? நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் பிடித்த வழி பொறுமை. துளித் துளியாகத் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றி, நாளொன்றுக்கு 16 கிராம் வரை வாய்வழியே கொடுத்தார். 1967-இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் நம்பியது. ஆனால் அவர் கொடுத்தது இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று எதிர்வடிவமான இரு மூலக்கூறுகளின் கலவை. வேலை செய்வது ஒரு வடிவம்தான், மற்றது வீண் சுமை. சிலருக்கு ரத்த வெள்ளணுக்களும் குறைந்தன. 1969-இல் நல்ல பாதியை மட்டும் கொடுத்தார். 1970-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

நல்ல பாதியை மட்டும் ஆலையில் டன் கணக்கில் செய்வது தனிப் பாடு. மான்சாண்டோ நிறுவனத்தின் வில்லியம் நோல்ஸ் அதற்கொரு வினையூக்கியைக் கண்டுபிடித்து 2001-இல் வேதியியல் நோபல் வாங்கினார். அந்தத் தயாரிப்பு தொடங்குவது வெனிலினிலிருந்து. ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வெனிலின்.

ஆனால் என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் கார்பிடோபா. தனியாக விழுங்கினால் லெவோடோபாவில் பெரும்பகுதி குடலிலும் மற்ற உறுப்புகளிலுமே டோபமைனாக மாறிவிடும். டோபமைனுக்கு மூளையின் வாசல் திறக்காது, ஆகவே வெளியிலேயே நின்று வயிற்றைப் புரட்டும். குகன்ஹைம் எடுத்த வாந்திக்கு அர்த்தம் இதுதான். சாப்பிட்டதில் நூற்றில் ஒரு பங்கு மூளைக்குப் போனாலே பெரிது. கார்பிடோபா வெளியில் நடக்கும் மாற்றத்தைத் தடுக்கிறது, தானும் மூளைக்குள் போவதில்லை. அது சேர்ந்ததும் லெவோடோபாவின் அளவை முக்கால்வாசி குறைக்க முடிந்தது. நம் மருந்துக் கடையில் சிண்டோபா பிளஸ் 125 என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபா, 25 கார்பிடோபா. புரூக்ஹேவன் கிராமிலிருந்து நம்மூர் மில்லிகிராமுக்கு இறங்கியது அப்படித்தான்.

இத்தனை தூரம் வந்த மருந்துக்குக் கடைசி ஒன்றிரண்டு அடிதான் இன்னமும் கஷ்டம். காலையில் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் விரல் அங்கேயே நிற்கிறது. மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து அதே விரல் அதே பொத்தானைச் சாதாரணமாகப் போடுகிறது. மருந்து ஏறியாச்சு என்பார்கள் வீட்டில். மதியத்துக்குள் இறங்கியும் விடும், ரத்தத்தில் அதற்கு ஆயுள் குறைவு. நோய் முற்ற முற்ற ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையிலுள்ள நல்ல நேரம் சுருங்கும். அளவு கூடினாலோ உடம்பு தன்னிஷ்டத்துக்கு நெளியும். நோயை இது குணமாக்குவதில்லை, குறையை நிரப்புகிறது. அவ்வளவே.

சாப்பாடும் குறுக்கே வரும். லெவோடோபா ஒரு அமினோ அமிலம். குடலிலும் மூளையின் வாசலிலும் பருப்பு, முட்டை, தயிரின் புரதத்தோடு அது வரிசையில் நிற்க வேண்டும். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட கையோடு போட்ட மாத்திரை ஏறவில்லையே என்று புலம்புவதில் இதற்கும் பங்குண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் போடச் சொல்வது அதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

பூனைக்காலிப் பொடி இப்போது நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. இயற்கைதானே என்று மாத்திரையோடு அதையும் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சென்னை ஆய்வு காட்டியபடி இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். பொடியில் எவ்வளவு இருக்கும் என்பது விதைக்கு விதை மாறும். டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்தால் அளவு எகிறும், ரத்த அழுத்தம் இறங்கும். அதேபோல மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே கேடாகலாம்.

வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இந்த மாத்திரையின் நேரம் தவறக் கூடாது. வார்டில் மருந்து கொடுக்கும் நேரம் உங்கள் நேரமாக இருக்காது, அதனால் நேரத்தை எழுதி நர்ஸிடம் கொடுங்கள். வாந்திக்கு ஊசி போட வந்தால், போடுவதற்கு முன்பே பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் போய் டோபமைனின் வேலையைத் தடுத்துவிடும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அது ஆகாது.