விருந்தாளி வீடு ஆஸ்பத்திரியான கதை

போன மாசம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வழக்கமாகப் போடும் பிரஷர் மாத்திரையை அவர் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "சுகமளிக்கும் ஜெபத்துக்குப் போயிட்டு வந்துட்டேன்ல. இனி மாத்திரை போட்டா கர்த்தரை நம்பலைன்னு ஆயிடும்பா" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிரஷர் ஒரு திருட்டு வியாதி. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு உடனே சொல்லாது. பல பேருக்கு ஒருநாள் பக்கவாதமாக வந்துதான் சொல்லும். ஆனால் அத்தையிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அத்தையின் கேள்வி புதுசே இல்லை. 1,600 வருஷத்துக்கு முன்னாடி, ஒரே வீட்டில் பிறந்த அக்காவும் தம்பியும் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சொல். நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ஆஸ்பத்திரி', ஐரோப்பியர்கள் கொண்டுவந்த 'ஹாஸ்பிடல்' நம் வாயில் புரண்டு உருவானது. ஹாஸ்பிடலின் வேர் 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல். அதற்கு விருந்தாளி என்றும் பொருள், விருந்தாளியை வரவேற்கிறவர் என்றும் பொருள். ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதான். அதாவது ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குள் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. வாசலில் வந்து நிற்கிற ஒரு அந்நியர்தான் இருக்கிறார்.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களுக்கு இந்த அந்நியர் ரொம்ப முக்கியம். புதிய ஏற்பாட்டில் விருந்தோம்பலுக்கு வரும் கிரேக்கச் சொல் 'பிலோக்செனியா'. நேர்ப்பொருள், அந்நியர் மேல் அன்பு. தெரிந்தவருக்கு இலை போடுவது இதில் சேராது. லூக்கா சொல்லும் நல்ல சமாரியன் கதையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டுப் போடுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், இரண்டு தெனாரி காசைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். விருந்தும் வைத்தியமும் அங்கே ஒரே வேலை. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணச் சொல்லும் யாக்கோபின் நிருபத்தையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அன்றைக்கு எண்ணெய் என்பது மருந்தும்கூட.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். இன்றைய துருக்கியில் கைசேரி என்று ஓர் ஊர். அன்றைய பெயர் செசரேயா, கப்பத்தோக்கியா நாட்டின் தலைநகர். அங்கே வசதியான ஒரு குடும்பம். தாய் எம்மேலியா. மூத்த மகள் மக்ரீனா. தம்பிகளில் ஒருவர் பசிலியார், இன்னொருவர் நீசாவின் கிரகோரியார். பசிலியார் ஏதென்ஸ் வரை போய்ப் படித்தவர்.

368, 369 வாக்கில் அந்தப் பகுதியில் கடும் பஞ்சம். மழை இல்லை. தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று களஞ்சியத்தைப் பூட்டி வைத்தார்கள். பசிலியார் அவர்களை முகத்துக்கு நேரே கண்டித்துப் பிரசங்கம் செய்தார்; கதவுகளைத் திறக்கவும் வைத்தார். பெரிய கொப்பரையில் கஞ்சி மாதிரி காய்ச்சி, ஜனங்களை வரிசையாக உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறினார் என்று அவருடைய கல்லூரி நண்பர், நசியான்சின் கிரகோரியார் எழுதியிருக்கிறார்.

370இல் பசிலியார் ஆயரானார். ஊருக்குச் சற்று வெளியே கட்டிடங்கள் எழும்பின. பயணிகளுக்கும் அந்நியருக்கும் தங்குமிடம், நோயாளிகளுக்கு இடம், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், மருத்துவர்கள், சுமை தூக்கும் கால்நடைகள். இதைப் பிடிக்காதவர்கள் ஆளுநர் எலியாஸிடம் புகார் செய்தார்கள். அவருக்குப் பசிலியார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வழிப்போக்கருக்கும் நோயாளிக்கும் இடம் கட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அதில் கேட்கிறார். பின்னாளில் அந்த இடத்துக்குப் 'பசிலியாஸ்' என்றே பெயர் நிலைத்தது. தொழுநோயாளிகளை அருகே போகாமல் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. பசிலியார் அவர்களை முத்தமிட்டு வரவேற்றார் என்கிறார் அதே நண்பர்.

'உலகத்தின் முதல் ஆஸ்பத்திரி' என்று சிலர் இதை எழுதுவதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ரோமப் படைகளுக்கு அதற்கு முன்பே மருத்துவக் கூடங்கள் இருந்தன. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் சிகிச்சை ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அதில் நம் சோழ, பாண்டியர் பெயரும் வருகிறது. பசிலியாரின் இடத்தில் என்ன விசேஷம் என்றால், படைவீரனா, உள்ளூர்க்காரனா என்று பார்க்காமல் நோயாளியை விருந்தாளியாகவே உள்ளே கூப்பிட்டதுதான்.

இப்போது அக்கா மக்ரீனா. அவருடைய வரலாற்றைத் தம்பி கிரகோரியாரே எழுதியிருக்கிறார். மக்ரீனாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. தாய் எம்மேலியா வைத்தியரிடம் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். மருத்துவமும் மனுஷருக்காகக் கடவுள் கொடுத்ததுதான் என்றும் சொல்லிப் பார்த்தார். அந்நியர் முன்னால் உடம்பைத் திறந்து காட்ட மக்ரீனாவுக்கு மனசில்லை. ராத்திரி முழுக்கக் கோயிலில் அழுது ஜெபம் பண்ணினார். பிறகு தாயிடம் வந்து, உங்கள் கையால் சிலுவை அடையாளம் போட்டால் போதும் என்றார். கட்டி மறைந்தது, சின்னத் தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது என்று முடிகிறது கதை.

அக்காவுக்கு இப்படி. தம்பி பசிலியாரோ துறவிகளுக்கு எழுதிய விதிகளில் இதே கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். பக்திமானுக்கு மருத்துவம் ஆகுமா? ஆகும் என்கிறார். பயிர்த்தொழிலைப் போல மருத்துவமும் கடவுள் கொடுத்த உதவி. மூலிகை தானாக முளைத்துவிடவில்லை. எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு அத்திப்பழப் பற்றுப் போட்டதையும் உதாரணம் காட்டுகிறார். அங்கே சுகம் கொடுத்தவர் கடவுள், பழம் அவர் கையில் இருந்த கருவி. அதனால் முழு நம்பிக்கையையும் வைத்தியர் மேல் வைக்காதே. வைத்தியரே வேண்டாம் என்றும் சொல்லாதே. இதுதான் அவர் தீர்ப்பு.

இதைச் சொன்னவர் ஆரோக்கியமான ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சீக்காளி. ஈரல் தொந்தரவு, காய்ச்சல் என்று கடிதம் கடிதமாகப் புலம்பியிருக்கிறார். அவர் ஜெபிக்காதவரா? அவருக்கு விசுவாசம் குறைவா? அப்படி யாரும் சொல்லமுடியாது. ஆனாலும் ஐம்பது வயசை ஒட்டி, 379இல் இறந்துபோனார். சில மாதம் கழித்து மக்ரீனாவும் போய்ச் சேர்ந்தார். கட்டி கரைந்ததாகச் சொல்லப்படும் அக்காவுக்கும் உடம்பு தேறாத தம்பிக்கும் அதே வருஷம்தான் முடிவு. இரண்டு பேரையும் திருச்சபை புனிதர் என்றே வணங்குகிறது. சுகம் கிடைத்ததா என்பதை வைத்து விசுவாசத்தை அளக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் கட்டி போனது பொய்யிங்கிறியா?" என்றார்.

"பொய்யின்னு நான் சொல்லலை அத்தை. ஆனா டாக்டரைப் பாருன்னு அவங்க அம்மா கெஞ்சினதும் அதே புஸ்தகத்துலதான் இருக்கு. அந்த அம்மாவையும் யாரும் விசுவாசம் இல்லாதவங்கன்னு சொல்லலை."

அத்தை ஒன்றும் பேசவில்லை. எனக்குக் காபி போட எழுந்து போனார். அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அந்த மாத்திரை அட்டை பீரோ மேலதான் கிடக்கும், எடுத்து வை. நாளைக்கு டாக்டர்ட்ட போகணும், நீயும் வா."