கட்டிய மரமும் ஒட்டிய நாரும்

என் பேரன் பள்ளி விடுமுறையில் சக்கரப் பலகை ஒன்று செய்யத் தொடங்கினான். பிள்ளைகள் ‘ஸ்கேட்போர்டு’ என்கிறார்களே, அதுதான். பிளைவுட் தகடுகளை ஒட்டி, வளைத்து, அழகாகவே அறுத்திருந்தான். ஆனால் நம் காரைக்கால் கடற்காற்று சும்மா விடுமா? ஒரு மழைக்காலம் மொட்டை மாடியில் கிடந்ததில் ஓரம் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டது. “அடுத்த பலகைக்கு ஃபைபர் போடணும் தாத்தா” என்றான். அரசலாற்றங்கரையில் படகு பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் புதுப் பலகையோடு அழைத்துப் போனேன்.

அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். “ஐயா, இது இன்னும் காயலை. ஈரத்தோட ஃபைபர் போட்டா வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே மரம் அழுகிடும். ஒரு வாரம் நிழல்ல போட்டுக் கொண்டாங்க” என்றார். ஒட்டி மூடிய பிறகு திரும்பப் பிரிக்க முடியாது என்பதையும் சொன்னார். அந்தச் சொல் என்னைப் பழைய நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் பிறுவயதில் கண்ட கடற்கரையில் எல்லாமே பிரிக்கக்கூடியவை. கட்டுமரம் என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். ஒரு கட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று சலங்கு. ஆணி இல்லாமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. நம் கரையில் அலை மோதும்போது ஆணி அடித்த படகு விட்டுப்போகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கப்பல்கள் கரைக்கு வர முடியாத அந்தக் காலத்தில் சரக்கையும் ஆட்களையும் கப்பலுக்கு ஏற்றி இறக்கியவை இவைதான். 19ஆம் நூற்றாண்டில் ரெயூனியனுக்கும் குவாதெலூப்புக்கும் கூலிகளாகப் போன நம் முன்னோர், காரைக்கால், புதுச்சேரிக் கரைகளிலிருந்துதான் கப்பலேறினார்கள். சலங்கு என்ற நம் சொல் பிரஞ்சு மொழியில் ‘ஷெலேங்க்’ ஆகிவிட்டது. பிரஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இந்த ஒரு சொல்லில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

கண்ணாடி நாரும் பிசினும் உலகில் படகுக் கூடங்களுக்கு வந்தது 1940களில். 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘மிரர்’ என்ற சிறு படகை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம் என்றார்கள். பிளைவுட் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையைப் பிசினில் ஒட்டுவதே அதன் முறை. நம் சலங்கின் தையல்தான். கயிற்றின் இடத்தில் கண்ணாடி! 1980களில் அதே முறை நம் பக்கமே வந்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் பியேர் ஜில்லே என்பவர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைச் செய்துகாட்டினார். பெரிய மரம் அரிதாகி, கட்டுமரத்துக்குக் கட்டை கிடைப்பது கடினமாகிவந்த காலம் அது. சென்னையில் இயங்கிய வங்கக்கடல் மீன்வளத் திட்டம், மணலில் ஏற்றக்கூடிய ஃபைபர் படகுகளைச் சோதித்தது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எல்லாம் மாறிற்று. சுனாமியில் மரங்கள் போயின. உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அவசரத்தில் செய்த படகுகளின் தரம் குறித்து மீன்வளம் அறிந்தவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். நல்ல படகு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிற்று. ஆனால் உடைந்த ஃபைபர் ஓட்டை அவிழ்க்கவும் முடியாது, அடுப்பெரிக்கவும் ஆகாது. கரையில் அப்படியே கிடக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பலகை காய்ந்தது. தம்பி முதலில் உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினார். பிறகு பிசினில் கேட்டலிஸ்டைக் கலந்தார்; 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம்தான். கூடினால் கொதித்து வெடிப்பு விடுமாம். விரித்த நார்த் துணியின் மேல் பிசினைத் தடவி, உருளையால் காற்றுக் குமிழிகளை விளிம்புக்குத் தள்ளினார். குமிழி இருக்கும் இடத்தில்தான் பிறகு பிரியும். காய்ந்ததைத் தேய்க்கும்போது முகமூடி கட்டச் சொன்னார். பேரனுக்கு மட்டுமல்ல, எனக்கும். “இத்தனை வருஷம் கட்டாம வேலை பார்த்தேன் ஐயா, இப்ப மூச்சு வாங்குது” என்றார்.

கடைசியில் சக்கரத்துக்கு ஓட்டை போட்டார்கள். பேரன் உடனே திருகாணி போட எடுத்தான். தம்பி கையைப் பிடித்து நிறுத்தி, “பொறு. ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ளே போகும்” என்று ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பிசினைத் தடவினார். கட்டுமரத்தில் பிழை நேர்ந்தால் மறுநாள் அவிழ்த்துத் திருத்தலாம். இதில் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். பேரனிடம் அதை மட்டும்தான் சொன்னேன்.