வினாவும் விடையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் சேரும் இடத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. மகிமை மாதா திருத்தலத்திற்குச் செல்லும் நாம், அவ்வூரின் டச்சுக் கல்லறைகளையும் கண்டு திரும்புகிறோம். அங்கே துயில்வோர் எந்த மறைக்கல்வியில் வளர்ந்தவர்கள் என்று மட்டும் நாம் வினவுவதில்லை. வினவினால், நமது மறைக்கல்வியைப் பற்றியும் சில தெளிவுகள் பிறக்கும்.

1613இல் இங்குக் கெல்திரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர், 1690 வரை இவ்வூரையே சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். அவர்களது திருச்சபை கையாண்ட நூல், 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம். அதன் 129 வினாக்களும் ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கெனப் பகுக்கப்பட்டவை. ஞாயிறு பிற்பகல்தோறும் அதனை விளக்கிப் போதிக்க வேண்டுமென 1618-19இல் கூடிய டோர்ட் சங்கம் கட்டளையிட்டது.

இத்தகைய நூல்களுக்குப் பின்னால் நின்ற இறையியல் யாது? 1528இல் சாக்சனிப் பங்குகளைப் பார்வையிட்ட மார்ட்டின் லூத்தர், எளிய மக்கள் அடிப்படைச் செபங்களையும் அறியாதிருப்பது கண்டு வருந்தினார். மறு ஆண்டே 'சிறிய ஞானோபதேசம்' வெளிவந்தது. ‘திருச்சபை நம்புவதை நானும் நம்புகிறேன்’ என்று சொல்லி அமைவது போதாது. ஒவ்வொருவரும் தாம் நம்புவது இன்னதென்று அறிந்து, தம் வாயால் அறிக்கையிட வேண்டும் என்பதே அவர்களது கொள்கை. ஆகவே வீட்டுத் தலைவனே முதல் ஆசிரியனானான்.

பாடங்களின் வரிசையும் இறையியலே. லூத்தர் கட்டளைகளை முதலில் வைத்தார். மனிதன் தன் இயலாமையை உணர்ந்த பிறகே விசுவாசப் பிரமாணம் வருகிறது. ஹைடல்பெர்க் நூலோ ஆறுதலைப் பற்றிய வினாவுடன் தொடங்கி, கட்டளைகளை மீட்புப் பெற்றவனின் நன்றிக்கடனாக இறுதிப் பகுதியில் வைக்கிறது. 1566இல் வெளிவந்த நமது உரோமை மறைக்கல்வி நூல், விசுவாசப் பிரமாணம், அருட்சாதனங்கள், கட்டளைகள், செபம் என்ற முறையில் அமைந்தது. அது பங்குக் குருக்களுக்காக எழுதப்பட்டது என்பதும் நினைவிற்குரியது.

எனினும், எளியோருக்குக் கற்பிக்கும் ஆர்வம் அவர்களுக்கு மட்டுமே உரியதன்று. புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் கற்பித்தார். அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரின் நூலைத் தமிழாக்கியது அதற்குப் பின்னரே.

வரலாற்றின் கசப்பையும் நாம் மறைத்தலாகாது. ஹைடல்பெர்க் நூலின் 80ஆம் வினா நமது திருப்பலியைக் கடுமையாகச் சாடுகிறது. நமது திரிதெந்து சங்கமும் எதிர்த்தரப்பின் கோட்பாடுகளைச் சாபமிட்டு விலக்கியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்து, தங்கள் ஞானஸ்நானத்தை அரசுப் பதவிக்கு நிபந்தனையாக்கினர். பள்ளிகளில் பிள்ளைகள் விடைகளை மனப்பாடமாக ஒப்பித்தனர். ஆனால் 1796இல் அவ்வாட்சி மறைந்ததும், அச்சபையின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1687இல் மாறுவேடத்தில் இலங்கை சென்ற புனித யோசேப் வாஸ் மறைவாக வளர்த்த நம்பிக்கையோ நிலைத்தது. வினாவை உள்ளத்தில் எழுப்பாமல் விடையை மட்டும் நாவில் ஏற்றினால், அது அதிகாரம் உள்ளவரைதான் வாழும். இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

பழவேற்காட்டிலேயே இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கிருந்த போதகர் ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்ற அந்தணரிடம் அமர்ந்து அவர்தம் சமயத்தைக் கேட்டறிந்தார். கற்பிக்க வந்தவர் வினவுகிறவரானார். அவ்வறிவு 1651இல் லெய்டன் நகரில் நூலாக வெளிவந்தது.

1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் மீட்பளிக்கும் அருள் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். 2017இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தன. பழைய பகை தணிந்த இக்காலத்தில், பிரிந்த சகோதரரிடமிருந்து ஒன்றை நாம் தயங்காமல் கற்கலாம். சுற்று முறை வேலையால் ஞாயிறும் ஆலைக்குச் செல்லும் தந்தை, மறைக்கல்வி வகுப்பைப் பங்கிற்கே விட்டுவிடாமல், இரவு உணவிற்குப் பின் தம் பிள்ளையிடம் ஒரேயொரு வினாவைக் கேட்கட்டும்: ‘நீ நம்புவது என்ன?’ அப்பிள்ளை அதையே திருப்பிக் கேட்கும்போது, நம்மிடம் விடை இருக்க வேண்டும்.